ரசிகனும் பக்தனும்

(தியாகராய நகரில் நடந்த இளைஞர் கூட்டம் ஒன்றில் பேசியது)



நான் இன்று ஜாஸ் சங்கீதத்தைப் பற்றியும் கால்பந்தாட்டத்தைப் பற்றியும் பேசப்போவதாக நோட்டீசில் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்த ஒரு தோழர் வாசலிலேயே என்னை நிறுத்தி, "என்ன அய்யா இது, சாதி ஒழிந்துவிட்டதா, மூடநம்பிக்கை ஒழிந்துவிட்டதா, நம் மேடையில் பாட்டுக்கும் பந்துக்கும் என்ன வேலை?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்லவே இன்று வந்திருக்கிறேன். மனிதன் ஆசையோடு, சந்தோஷத்தோடு, கைக்காசைச் செலவழித்துக்கொண்டு எங்கே போகிறானோ அங்கேதான் அவனுடைய அறிவும் மானமும் அதிகமாய்ப் பரீட்சை செய்யப்படுகின்றன. கோயிலில் ஏமாறாதவன் கொட்டகையில் ஏமாறுகிறான். ஆகவே இதுவும் நம்முடைய வேலைதான்.

இந்த ஊரின் பெயரையே பாருங்கள். பிட்டி தியாகராயர் பெயரால் ஏற்பட்ட நகரம் இது. டாக்டர் நாயர் ரோடு, உஸ்மான் ரோடு, பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, தணிகாசலம் ரோடு என்று எந்தத் திசையில் போனாலும் நீதிக்கட்சிக்காரர் ஒருவர் பெயரை மிதித்துக்கொண்டுதான் நாம் நடக்கிறோம். பாண்டி பஜார் என்று சேலை எடுக்கப் போகிறோமே, அதுவும் சௌந்தரபாண்டியனார் பெயர்தான். பெயர்ப் பலகை மாத்திரம் இருந்து மனம் மாறாவிட்டால் என்ன பிரயோசனம்? அதற்கு ஒரு சம்பவம் சொல்லுகிறேன்.

"இதென்ன சார், சாவு மேளம்?"

நான் இருப்பது ஒரு அடுக்குமாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாஸ் இசைத்தட்டு போட்டுக் கேட்பது என் வழக்கம். அது இல்லாவிட்டால் எனக்குக் காப்பி இறங்காது. ஒரு நாள் மேல் வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "இதென்ன சார், நல்ல நாளும் அதுவுமாய் சாவு மேளம் மாதிரி!" என்றார். அவர் படித்தவர்; உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்து, "நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் சார், இது சாவு மேளமேதான்" என்றேன். அவர் விழித்தார்.

தோழர்களே! உண்மை அதுதான். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நியூ ஆர்லியன்ஸ் என்று ஒரு பட்டணம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்து விற்கப்பட்ட அடிமைகள் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கோ சதுக்கம் என்ற திடலில் கூடித் தங்கள் தாளங்களைக் கொட்டி ஆடினார்கள். அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்த பிறகு அவர்களுடைய பிள்ளைகளும் பேரன்மார்களும் பட்டாளத்துப் பாண்டு வாத்தியங்களை எடுத்து ஊதினார்கள். தங்களில் ஒருவன் செத்தால் சுடுகாட்டுக்குப் போகும்போது துக்கமாய் ஊதுவார்கள். புதைத்துவிட்டுத் திரும்பும்போது தெருவே ஆடும்படி ஊதுவார்கள். இன்றைக்கும் அந்த வழக்கம் அங்கே இருக்கிறது. அந்த மேளத்திலிருந்தும், வயலில் கூலி வேலை செய்தவர்களின் பாட்டிலிருந்தும், மாதாகோயில் பாட்டிலிருந்தும் பிறந்ததுதான் ஜாஸ்.

அவர்கள் இருந்த நிலைமை என்ன? ரயிலில் வெள்ளையருக்கு ஒரு வண்டி, கறுப்பருக்கு ஒரு வண்டி. ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் 1892இல் நியூ ஆர்லியன்ஸில் வேண்டுமென்றே வெள்ளையர் வண்டியில் ஏறி உட்கார்ந்து கைதானார். 1896இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், தனித்தனியாய்ப் பிரித்து வைப்பது சட்டப்படி சரிதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதைக் கேட்டு நீங்கள் அமெரிக்காக்காரனைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நம் ரயில் நிலையங்களில் சாப்பாட்டுக் கடையில் பார்ப்பனருக்கு ஒரு இடம், மற்றவர்களுக்கு ஒரு இடம் என்று பிரித்து வைத்திருந்தது 1941இல்தான், அதுவும் பெரியார் கிளர்ச்சிக்குப் பிறகுதான் ஒழிந்தது. அங்கே தோலின் நிறம். இங்கே தோளில் கிடந்த நூல். வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. ஜாஸ் என்று பெயர் போட்டு முதல் இசைத்தட்டு 1917இல் வெளிவந்தது. அதில் வாசித்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளையர்கள்! சமைத்தவன் ஒருவன், இலை போட்டு உட்கார்ந்தவன் வேறொருவன். இது நமக்குப் புதிய கதையா?

மேடையும் மானமும்

அந்தப் பட்டணத்தில் 1901இல் பிறந்தவர் லூயி ஆம்ஸ்டிராங். பரம ஏழை. பதினோரு வயதில் தெருவில் துப்பாக்கி வெடித்ததற்காகச் சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் அடைத்தார்கள். அங்கேதான் அவர் ஒழுங்காகக் கொம்பு வாத்தியம் கற்றுக்கொண்டார். பின்னாளில் உலகமெல்லாம் அவர் பெயர் பரவியது. 1957இல் அமெரிக்க சர்க்கார் அவரைத் தங்கள் தூதுவர் போல ரஷ்யாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. அதே சமயத்தில் லிட்டில் ராக் என்ற ஊரில் ஒன்பது கறுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் விடாமல் தடுத்தார்கள். ஆம்ஸ்டிராங், "என் ஜனங்களை இப்படி நடத்துகிற சர்க்காருக்காக நான் போகமாட்டேன்" என்ற கருத்தில் பகிரங்கமாய் மறுத்து, நாட்டின் தலைவருக்கே துணிச்சலில்லை என்றும் சொல்லிவிட்டார். எப்போதும் பல்லைக் காட்டிச் சிரிக்கிறவர் என்று அவரை ஏளனம் செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

நிற்க. நம் சென்னைக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 1958இல் டேவ் புரூபெக் என்ற வெள்ளைக்காரப் பியானோ வித்துவான் தன் குழுவோடு இந்தியாவுக்கு வந்தபோது சென்னைக்கும் வந்து வாசித்தார். அந்த நால்வரில் யூஜின் ரைட் என்பவர் கறுப்பர். சென்னையில் அவர் மேடை ஏறியதற்கு யாரும் தடை சொல்லவில்லை. ஆனால் 1960இல் அவர்கள் சொந்த நாட்டின் தென் பகுதிக் கல்லூரிகளில் வாசிக்கப் போனபோது, "அந்தக் கறுப்பரை மாற்றிவிட்டு ஒரு வெள்ளையரைக் கொண்டு வா" என்றார்கள். புரூபெக் மாற்ற மாட்டேன் என்று சொல்லி இருபதுக்கும் மேற்பட்ட கச்சேரிகளையும் அவற்றின் வருமானத்தையும் விட்டுவிட்டார். 1963இல் டியூக் எல்லிங்டன் என்ற பெரிய வித்துவானும் சென்னையில் வாசித்துவிட்டுப் போனார். சாஸ்திரம் படித்த நம் ஊர் சபைக்காரர்கள், கறுப்பருக்குக் கைதட்டும் அந்த நாளிலேயே, தங்கள் ஊர் நாயனக்காரரையும் பறைக்காரரையும் எப்படி நடத்தினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நாயனக்காரர் சட்டை போடக்கூடாது, நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும், தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பெரிய மனிதர்கள் வீட்டுக் கலியாணங்களில் கட்டளை போட்டார்கள். சுயமரியாதைக்காரர்கள் அதைத் தட்டிக் கேட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டு, கோட்டும் ஷெர்வானியும் போட்டு, மேடையில் உட்கார்ந்து வாசித்தார். அவருடைய தோடியைப் போலவே அவருடைய கோட்டும் ஒரு பெரிய சங்கீதம் என்பது என் அபிப்பிராயம்.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத் தோல் இல்லாமல் அது பேசாது. தோலைத் தேடி, பதம் பார்த்து, வெட்டி, இழுத்துக் கட்டி அதைப் பேச வைக்கிற கைகள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவத் தோழர்களின் கைகள். வாசித்தவருக்கு மாலை, செய்தவருக்கு வாசற்படி. டி. எம். கிருஷ்ணா என்ற பாடகர் இந்தத் தோழர்களின் சரித்திரத்தை ஒரு புத்தகமாய் எழுதி 2020இல் வெளியிட்டார். அதை வெளியிட அடையாறு கலாக்ஷேத்திராவில் முதலில் இடம் கொடுத்து, பிறகு இல்லையென்று சொல்லிவிட்டார்கள். கூட்டம் வேறு இடத்தில் நடந்தது. மாட்டுத் தோல் மேடைக்கு வரலாம்; மாட்டுத் தோலைப் பற்றிய பேச்சு மேடைக்கு வரக்கூடாது!

2025இல் மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தார்கள். சந்தோஷம். ஆனால் நம் தெருவில் சாவுக்கு வந்து பறை அடிக்கிற தோழரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் மேல் வீட்டுக்காரர் ஜாஸைத் திட்டுவதற்கு உலகத்தில் வேறு வார்த்தை கிடைக்காமல் "சாவு மேளம்" என்றாரே, அந்த வசவு அமெரிக்காவுக்குப் போகவில்லை. நம் தெருக்கோடிக்குத்தான் போயிற்று.

இதனால் நான் வெளிநாட்டுச் சங்கீதம்தான் உயர்ந்தது என்று சொல்லுவதாய் யாரும் எண்ணவேண்டாம். ஜாஸில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஒரு மெட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் முறை வைத்துத் தன் சொந்த யோசனையைச் சொல்லுவார்கள். ஒருவர் சொல்லும்போது மற்றவர் கேட்பார். கேட்டுவிட்டுப் பதில் சொல்லுவார். நேற்று வாசித்தது போல இன்று வாசித்தால் ரசிகனே விடமாட்டான். நம் நாயனக்காரர் ஒரு ராகத்தை மணிக்கணக்காய் விரிக்கும்போது செய்வதும் இதே காரியம்தான். இரண்டிலும் வேலை செய்வது மனித மூளையும் மூச்சும்; மந்திரமல்ல.

கூலிக்காரன் ஆட்டம்

இனி பந்தாட்டத்துக்கு வருகிறேன். சங்கீதத்துக்குச் சபை போல, பந்துக்கும் ஒரு காலத்தில் "கனவான்கள்" காவல் இருந்தார்கள். இங்கிலாந்தில் பெரிய பள்ளிக்கூடங்களில் படித்த பிரபுக்களின் பிள்ளைகள்தான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போவார்கள். 1883இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற குழு, நெசவாலைத் தொழிலாளிகளும் இரும்புப் பட்டறைத் தொழிலாளிகளும் அடங்கியது, ஈட்டன் பள்ளிப் பழைய மாணவர் குழுவை 2-1 என்று தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது. பிறகு, "ஆடுவதற்குக் கூலி வாங்குவது கேவலம், கனவானுக்கு அழகல்ல" என்று கூச்சல் போட்டார்கள். சோற்றுக்குக் கவலையில்லாதவன் கூலி வேண்டாம் என்று சொல்லலாம். ஒரு நாள் ஆலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாதவன் என்ன செய்வான்? கடைசியில் 1885இல் கூலிக்கு ஆடுவதைச் சட்டப்படி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தொழில்முறைக் கால்பந்து என்பது அப்படிப் பிறந்தது. கலைக்கும் ஆட்டத்துக்கும் கூலி கேட்பவன் கேவலமானவன் என்று எவன் சொன்னாலும், அவன் ஏற்கெனவே வயிறு நிறைந்தவன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம் நாட்டில் 1911 ஜூலை 29ஆம் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் குழு வெள்ளைக்காரப் பட்டாளக் குழுவை 2-1 என்று வென்றது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினவர்கள். காலில் பூட்சு போட்டவன்தான் உயர்ந்தவன் என்ற எண்ணம் அன்றைக்குப் பறந்தது.

சென்னையில் கால்பந்து எங்கே உயிரோடு இருக்கிறது? நம் சோமசுந்தரம் மைதானத்திலும் பிள்ளைகள் உதைக்கிறார்கள்தான். ஆனாலும் வியாசர்பாடிப் பக்கம் போய்ப் பாருங்கள். குறுகிய தெரு, சிறிய திடல், கிழிந்த பந்து, அதற்குள் இருபது பையன்கள். அந்த வியாசர்பாடியிலிருந்து வந்தவர் தன்பால் கணேஷ். 2018 மார்ச் 17ஆம் தேதி பெங்களூரில், பெங்களூர் குழுவை அதன் சொந்த மைதானத்திலேயே சென்னையின் எஃப்.சி. 3-2 என்று வென்று இரண்டாம் முறை பட்டம் பெற்றதே, அந்தக் குழுவில் அவர் நடுக்களத்தில் ஆடினவர். வியாசர்பாடி என்றால் போலீசுச் செய்தியில் மாத்திரம் பெயர் போடுகிற பத்திரிகைகள் அன்று விளையாட்டுப் பக்கத்தில் போட்டன. பந்துக்குச் சாதி தெரியாது. ஆனால் மைதானத்துக்கு வருகிற பாதைக்குத் தெரியும். அந்தப் பாதையில் திடலும் பூட்சும் சாப்பாடும் வேண்டும் என்று கேட்பது நம் வேலை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 1920 டிசம்பரில் இங்கிலாந்தில் பெண்கள் ஆடிய பந்தாட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். கூட்டம் கூடியதைப் பார்த்த ஆண் கனவான்கள் அடுத்த வருஷமே, இது பெண்களுக்குத் தகாத ஆட்டம் என்று சொல்லித் தங்கள் மைதானங்களை மூடிவிட்டார்கள். அந்தத் தடை ஐம்பது வருஷத்துக்குப் பிறகுதான் நீங்கியது. நம் தமிழ்நாட்டுப் பெண்கள் குழு 2018இல் தேசியப் போட்டியில் மணிப்பூரை வென்று பட்டம் வாங்கியது. மதுரை சேது குழு 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. கடலூர்ப் பெண் இந்துமதி இந்தியாவுக்காக ஆடினார். "வயதுக்கு வந்த பெண் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடுவதா?" என்று கேட்கிற தாத்தாக்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நாற்காலியும் கிளியும்

இதுவரை ஜாஸையும் பந்தையும் புகழ்ந்தேன். இனி ரசிகனாகிய என்னையே கொஞ்சம் தோலுரிக்கப் போகிறேன்.

2015 டிசம்பர் 20ஆம் தேதி. கோவாவில் கடைசி ஆட்டம். என் வீட்டில் எல்லோரும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். 87ஆம் நிமிஷத்தில் கோவாக்காரன் கோல் போட்டுவிட்டான், சென்னை 1-2. நான் வெறுத்துப்போய் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனேன். என் மைத்துனர், "மாமா, நீங்க எழுந்ததிலேதான் போச்சு, பழையபடி அந்த நாற்காலியிலேயே உட்காருங்க" என்றார். நான் ஓடிவந்து உட்கார்ந்தேன். 90ஆம் நிமிஷத்தில் ஒரு கோல், அடுத்த இரண்டு நிமிஷத்தில் மெண்டோசா இன்னொரு கோல்! சென்னை 3-2. பட்டம் நமக்கு. வீட்டில் எல்லோரும் என் நாற்காலியைத் தட்டிக் கொடுத்தார்கள்.

தோழர்களே! முப்பது வருஷமாய் மேடையில் ஏறி, கல்லுக்குச் சக்தியில்லை என்று பேசியவன் நான். அன்றைக்கு ஒரு மர நாற்காலிக்குச் சக்தி உண்டென்று நம்பி ஓடினேன். தியாகராய நகரில் கிடக்கும் நாற்காலி கோவாவில் இருக்கிற கோல் காவலனின் கையை எப்படித் தட்டும் என்று அந்த நிமிஷத்தில் என் புத்திக்குத் தோன்றவில்லை. ஆசை உள்ளே வந்தால் அறிவு வெளியே போய் நிற்கிறது. கோயிலும் இப்படித்தான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய வேடிக்கை 2010இல் நடந்தது. சிங்கப்பூரில் குட்டி இந்தியா என்று நம் தமிழர்கள் கடை வைத்திருக்கும் இடம். அங்கே ஒரு தமிழ்க் கிளி ஜோசியக்காரரின் கிளி, பெயர் மணி. உலகக் கோப்பைக் கால் இறுதி ஆட்டங்கள் நான்கிலும் ஜெயிக்கிற நாட்டை அது சரியாகச் சீட்டெடுத்துக் கொடுத்துவிட்டது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதன் கூண்டைச் சுற்றிக்கொண்டன. கடைசி ஆட்டத்துக்கு அது நெதர்லாந்து என்று எடுத்தது. ஜெயித்தது ஸ்பெயின்! அந்த வருஷம் ஜெர்மனியில் ஒரு எட்டுக்கால் கடல் பிராணிக்கு எட்டும் சரியாய் வந்துவிட்டது. ஆகவே அது ஞானி, நம் கிளி அஞ்ஞானி.

இதில் என்ன ஆச்சரியம்? காசைச் சுண்டினால் பூவா தலையா என்று நான்கு முறையும் சரியாய்ச் சொல்லப் பதினாறு பேரில் ஒருவனால் முடியும். உலகத்தில் கிளி, நாய், யானை, பன்றி என்று நூற்றுக்கணக்கான பிராணிகளைக் கேட்டால், சிலவற்றுக்கு எல்லாம் சரியாய் வரத்தான் செய்யும். பலித்த கிளி பத்திரிகைக்குப் போகிறது. பலிக்காத கிளிகள் பேசாமல் நெல் தின்றுகொண்டிருக்கின்றன. ஜோசியத்தின் முழு ரகசியமும் இவ்வளவுதான்.

கடவுள் கை

அர்ஜென்டினாக்காரர் மரடோனாவைக் கேள்விப்படாதவர் இருக்கமாட்டீர்கள். 1986 ஜூன் 22ஆம் தேதி இங்கிலாந்தோடு நடந்த ஆட்டத்தில் அவர் பந்தைக் கையால் தட்டிக் கோல் போட்டார். நடுவர் கவனிக்கவில்லை. பிற்பாடு கேட்டபோது, அதில் கொஞ்சம் தன் தலை, கொஞ்சம் கடவுளின் கை என்று பதில் சொன்னார். நான்கு நிமிஷம் கழித்து, தன் பாதி மைதானத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு எதிரிகளை ஒவ்வொருவராய்த் தாண்டி ஓடி, உலகமே வாயைப் பிளக்கும்படி இன்னொரு கோல் போட்டார். அதற்குக் கடவுளின் கால் என்று அவர் சொல்லவில்லை! கவனியுங்கள் தோழர்களே: திருட்டுக் கோலுக்குப் பொறுப்பாளி கடவுள், நேர்மையான கோலுக்குப் பொறுப்பாளி மனிதன். உலகத்தில் கடவுளுக்கு இருந்துவரும் உத்தியோகம் என்ன என்பதை எந்தப் பகுத்தறிவுப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாய்ச் சொன்னதில்லை.

இதோடு நிற்கவில்லை. 1998இல் அர்ஜென்டினாவில் ரொசாரியோ நகரத்தில் அவருடைய ரசிகர்கள் மரடோனா மதம் என்று ஒன்றையே ஏற்படுத்தி, அவர் பிறந்த 1960ஆம் வருஷத்திலிருந்து ஆண்டு எண்ணத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் விளையாட்டு என்றுதான் சொன்னார்கள். எல்லா மதமும் தொடங்கும்போது யாருக்குத் தெரிந்தது? ஜாஸ்காரர்கள் மாத்திரம் யோக்கியர்களா? அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் கோல்டிரேன் என்ற சாக்ஸபோன் மேதையைப் புனிதராக்கி ஒரு கோயிலே நடக்கிறது. அவர் நாளெல்லாம் சாதகம் செய்து உதடு நொந்து கற்ற வித்தையைத் தெய்வ அருள் என்று சொன்னால், அது அவருக்கு மரியாதையா, அவருடைய உழைப்பைத் திருடுவதா? நம் ஊரில் சினிமாக்காரருக்குக் கட்டவுட் வைத்துப் பாலாபிஷேகம் செய்கிறார்களே, அதற்கும் இதற்கும் பால் ஒன்றுதான் வித்தியாசம்.

பக்தி முற்றினால் உயிரும் போகிறது. 1980 ஆகஸ்ட் 16ஆம் தேதி கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் மோதிக்கொண்டதில் 16 பேர் செத்தார்கள். 1994இல் கொலம்பியா நாட்டு ஆட்டக்காரர் எஸ்கோபார் உலகக் கோப்பையில் தெரியாமல் தன் பக்கத்திலேயே கோல் போட்டுவிட்டார். ஊர் திரும்பிய சில நாளில், ஜூலை 2ஆம் தேதி, அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவன் கால் தவறியது ஒரு நொடி. மனிதன் தவறலாம், தெய்வம் தவறக்கூடாது என்பதால்தான், மனிதனைத் தெய்வமாக்கினவன் அவன் தவறும்போது கொல்லத் துணிகிறான்.

நான் வாய் திறக்காத நாள்

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் என் பதினான்கு வயது மகளோடு நேரு ஸ்டேடியத்துக்கு ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். இருவரும் நீலச் சட்டை. எதிர்க் குழுவில் மணிப்பூர்க்காரப் பையன் ஒருவன் நம் ஆட்டக்காரரை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுபோனான். எனக்கு அடுத்த இருக்கையில் நீலச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து, அந்தப் பையனின் முகத்தையும் கண்ணையும் சொல்லிக் கேவலமாய்த் திட்டினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. நம் குழுக்காரர்தானே, எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

ஆட்டம் முடிந்து பார்க் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். மாம்பலம் வருவதற்குள் அவள் கேட்டாள்: "அப்பா, அந்த ஆள் யாரையாவது சாதி பேரைச் சொல்லித் திட்டியிருந்தா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா?" "இருந்திருக்க மாட்டேன்" என்றேன். "அப்ப இது மட்டும் என்ன?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஸ்பெயின் நாட்டில் வினிசியஸ் என்ற கறுப்பு ஆட்டக்காரரைக் குரங்கு என்று கத்திய மூன்று பேருக்கு 2024இல் எட்டு மாதச் சிறைத் தண்டனை விதித்ததைப் படித்து, நான் இதே மேடையில் பாராட்டிப் பேசியிருப்பேன். தூரத்தில் நடந்தால் நமக்கு வீரம் வருகிறது. பக்கத்து இருக்கையில் நடந்தால் சட்டை நிறம் வாயை அடைக்கிறது. "நம்மவன்" என்ற ஒரே காரணத்துக்காக அயோக்கியத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளுவதுதானே சாதி? நான் அன்றைக்கு நீலச் சாதிக்காரனாய் இருந்துவிட்டேன்.

அடுத்த ஆட்டத்துக்கும் போனோம். அதே மாதிரி இன்னொருவர் கத்தினார். நான் எழுந்து, "தோழரே, அவன் ஆட்டத்தைக் குறை சொல்லுங்கள், அவன் முகத்தைச் சொல்லாதீர்கள்" என்றேன். அவர் முறைத்தார்; நாலு பேர் என்னைக் கேலி செய்தார்கள்; இரண்டு பேர் என் பக்கம் பேசினார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். உலகம் ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை. ஆனால் அன்று மாம்பலம் வரும் வரை என் மகள் ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்; எனக்கும் அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடிந்தது.

ஆகவே இளைஞர்களே! பாட்டுக் கேளுங்கள், பந்தாட்டம் பாருங்கள், தொண்டை கிழியக் கத்துங்கள். சந்தோஷப்படுவதற்கு யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டாம். ஆனால் ஆட்டத்தை வைத்துப் பந்தயம் கட்டிக் குடும்பத்தைக் கெடுக்காதீர்கள். அதற்குச் சட்டமே வந்திருக்கிறது என்றாலும், சட்டத்தைவிட உங்கள் புத்தி பக்கத்தில் இருக்கிறது. நன்றாய் ஆடினவன் எதிரியானாலும் கைதட்டுங்கள். உங்களுக்குப் பிடித்தவன் தப்புச் செய்தால் தப்பு என்று சொல்லுங்கள். மேடையில் வாசிப்பவரைப் பார்க்கும்போது, அந்த வாத்தியத்தைச் செய்தவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றும் பாருங்கள். தெருவில் பறை கேட்டால், அடிக்கிறவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கேட்டுவிட்டேன். என் மேல் வீட்டுக்காரரும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைத் தட்டுகிறார். "அந்த சாவு மேளத்தைக் கொஞ்சம் போடுங்கள் சார்" என்று கேட்கத்தான் தட்டுகிறார்.

நான் சொன்னதை நான் சொன்னேன் என்பதற்காக நம்பாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளும்படிக் கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.